மூன்றாம் தண்ணீருக்கு முன்

ஜனவரி 19, திங்கள்

வாசலில் என் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அம்மா அதைத் தாண்டிப் போனாள்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பாள். யார் வீட்டு வாசலில் கிடந்தாலும் கால் விரலால் புரட்டி நிமிர்த்திவிட்டுத்தான் நகர்வாள். ஒருமுறை ரேஷன் கடை வாசலில் ஊரார் செருப்பை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்று தாண்டிப் போனாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தாள்.

சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. பிறகு நானே நிமிர்த்தினேன்.

ஜனவரி 23, வெள்ளி

எட்டாவது அறிவியல் நோட்டில் பின்பக்கம் நிறைய மிச்சம் இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். எனக்கே போகப் பிடிக்கவில்லை. டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. வரும் வரை எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறோம். கடையில் இலையும் தூளும் தருவார்கள். வீட்டில் வைத்துச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கார்டு அம்மா பேரில் இருக்கிறது. ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் கார்டை எடுத்துவிடுவார்கள். எனக்குப் பதினாறு வயதுதான், எனக்குக் கார்டு கிடையாது.

அம்மா இலையும் தூளும் வைத்த சுளவு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே சுற்றுவாள். கை தன்பாட்டுக்கு ஓடும். இன்று மடியில் சுளவு இருந்தது, கையில் நனைத்த இலை இருந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தேன். இலை காய்ந்து சுருண்டு அதே கையில் இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, செல்லத்தாய் அத்தை. எங்கள் தெருவிலேயே சத்தமான ஆள் அவள்தான்.

"என்ன மதினி, கொலுவுல வச்ச பொம்ம மாரி இருக்கிய?"

முன்பென்றால் அம்மா, "அப்ப போயி சுண்டல் அவிச்சு எடுத்துட்டு வா" என்று சொல்லியிருப்பாள். இன்று அத்தையின் வாயையே பார்த்தாள். சொன்னது அவளுக்கு எங்கேயோ தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

அம்மா பங்கையும் நானே சுற்றினேன். அம்மா பீடியின் தலையை இறுக்கி மடக்குவாள். கடைக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க நானும் அதே மாதிரி மடக்கினேன்.

ஜனவரி 30, வெள்ளி

வெந்நீர் வைத்தேன். அம்மா குளிக்கவில்லை. ஆறிவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

அத்தை அம்மாவைக் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போனாள். உச்சிப்பொழுதில் தனியாக வந்ததில் கெட்ட காற்று சேர்ந்துவிட்டது என்றானாம். கையில் கறுப்புக் கயிறு கட்டி அனுப்பியிருக்கிறான். அம்மா கையை நீட்டியிருப்பாள். இப்போது யார் எதற்குக் கேட்டாலும் கையை நீட்டுகிறாள்.

அப்பா கொல்லத்தில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போனில், "எந்திரிச்சு நடமாடச் சொல்லு. படுத்தே கெடந்தா ஒடம்பு கட்டிப் போவும்" என்றார். அம்மா விடியும் முன்னே விழித்துவிடுகிறாள், பிறகு தூங்குவதே இல்லை, ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். "சரிப்பா" என்றேன்.

பின்பக்கக் கிணற்றில் இப்போது தண்ணீர் நான்தான் இறைக்கிறேன். அங்கே பாசி பிடித்து வழுக்குகிறது. கிணற்றுப் பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி, நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். அத்தையும் நானும் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பொது டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், ரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை தோறும் மனநல டாக்டர் வருவார், அந்த அறைக்குப் போங்கள் என்றார்.

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கிறுக்கு ஆஸ்பத்திரியா? எங்க மதினிக்கி என்ன கிறுக்கா?" என்று வராந்தாவிலேயே சத்தம் போட்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வெள்ளைப் புடவை கட்டிய ஒரு சிஸ்டர் வந்தார். ஸ்டெல்லா சிஸ்டர். "கிறுக்குன்னா ஒங்கள மாரி சத்தம் போடுவாங்க. இவங்க பாவம் அமைதியா இருக்காங்க. வாங்க உள்ள" என்றார். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா சின்னப் பெண்ணாக இருந்தார். தூக்கம், பசி, அழுகை, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள்.

அத்தை குறுக்கே புகுந்து, "என்ன கொறவும்மா இவளுக்கு? வீடு இருக்கு, சம்பாதிக்க புருசன் இருக்கான், குடிச்சிட்டு அடிக்கானா?" என்றாள்.

"காய்ச்சக்காரங்ககிட்ட ஒனக்கு என்ன கொறன்னு கேப்பீங்களா? இதும் ஒரு நோய்தான். மனச்சோர்வு நோய். சோம்பேறித்தனம் இல்ல. அவங்க நெனச்சாலும் எந்திரிக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

பிறகு அம்மா பக்கம் குனிந்து, "வாழ்ந்து என்னத்துக்குன்னு எப்பவாவது..." என்று தொடங்கினார்.

"இல்ல" என்றாள் அம்மா.

கேள்வி முடியவே இல்லை. அன்றைக்கு அம்மா உடனே பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

இரவில் ஒரு வெள்ளை மாத்திரை. வெளியே வரும்போது ஸ்டெல்லா சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்டாலும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும். மாத்திரை அட்டை என் கைவசம் இருக்க வேண்டும். இதெல்லாம் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் வீடு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அம்மாட்ட நீ கேக்கணும். செத்துப் போகணும்னு தோணுதான்னு நேரடியாவே கேளு. கேட்டா அந்த நெனப்ப நாமளே குடுத்த மாரி ஆயிருமோன்னு பயப்படாத. அப்பிடி ஆகாது. ஏற்கனவே இருந்தா, சொல்ல ஒரு ஆள் கெடச்ச மாரி இருக்கும்."

தலையை ஆட்டினேன். அவர் நம்பர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

அம்மா வாந்தி எடுத்தாள். முதலில் அப்படித்தான் இருக்கும், போய்விடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கழுவிவிட்டேன். இன்று கேட்கலாம் என்று இருந்தேன். வாந்தி எடுத்தவளிடம் எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 19, வியாழன்

நேற்றும் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மறுபடி ஆஸ்பத்திரி. ஒரு மாற்றமும் இல்லை என்று சொன்னோம். டாக்டரம்மா மாத்திரையைத் தொடரச் சொன்னார். சாயங்காலம் தினமும் கொஞ்ச தூரம் நடக்க வைக்க வேண்டுமாம்.

அம்மாவை நடத்திக் கூட்டிப் போனேன். தண்ணீர்த் தொட்டி வரை போவதற்குள் மூன்று பேர், "என்ன, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள். அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பி வந்துவிட்டோம். நான் பேசுகிற பிள்ளையாக இருந்திருந்தால் தொட்டியைத் தாண்டியும் போயிருக்கலாம்.

எனக்கும் இப்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. வெயில் ஏறிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

இதை எழுதத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

கடையில் இலை வாங்கிவிட்டு வந்து செருப்பை உதறினேன். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. கவனிக்காமல் உள்ளே வந்தேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா, "ஏட்டி உச்சி, செருப்ப நிமுத்து" என்றாள். அவள் என் பேரைச் சொல்லி வெகுநாளாகிவிட்டது.

ஓடிப் போய் நிமிர்த்தினேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே வந்தால் அம்மா என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று எனக்குக் காய்ச்சல். இன்று நெற்றியிலும் வயிற்றிலும் முத்துப் போட்டுவிட்டது. அம்மை.

அத்தைதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் குரலே மாறிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிலையில் வேப்பிலை செருகினாள், எனக்கு வேப்பிலை மேல் படுக்கை போட்டாள். தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் வரை வீட்டில் யாரும் படி இறங்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் இதுதான் வழக்கம். அம்மை வந்தால் மாரியாத்தாளே வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள் என்று அர்த்தம்.

பிறகு என் தலைமாட்டிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"தாயி வந்து இருக்கா. அவ இருக்க வீட்டுல மாத்தர மருந்து ஆவாது."

"அது அம்மாவுக்குள்ளது, அத்த."

"யாருக்குள்ளதுனா என்ன? வீட்டுக்கே ஆவாது. தண்ணி ஊத்துன பெறவு திங்கட்டும், யாரு வேண்டாங்கா?"

நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் சொன்னார்கள் என்றேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது சரியாகத் தெரியவில்லை. அத்தை, "என்னட்டி மொணங்குத? தொண்ட வலிக்கா?" என்றாள். இளநீர் வெட்டிக் கொண்டுவந்து என் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வராமல் இருந்திருக்கலாம் இது.

மார்ச் 10, செவ்வாய்

அம்மா எழுந்துவிட்டாள். எனக்கு வேப்பிலையால் தடவிவிடுகிறாள். கஞ்சி காய்ச்சுகிறாள். சொறியாமல் இருக்க ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தை வாசலில் நின்றபடியே, "பாத்தியாட்டி! மாத்தர எழுப்பாத ஆள ஆத்தா எழுப்பிட்டா! ஆஸ்பத்திரிக்காரிய இங்கன வந்து பாக்கச் சொல்லு" என்றாள். தெருவே கேட்டிருக்கும்.

எனக்கும் அப்படி இருக்குமோ என்று தோன்றியது. அப்படி இருக்கட்டும் என்று ஆத்தாளைக் கும்பிட்டேன்.

இன்று செவ்வாய். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்.

மார்ச் 12, வியாழன்

தலைக்குள் சுர் சுர் என்று கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. திரும்பினால் தலை சுற்றுகிறதாம். கஞ்சிச் சட்டியைக் கீழே போட்டாள். துடைக்கவில்லை. நான் படுத்தபடியே கஞ்சி தரையில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அத்தை எனக்கு ஊற்றினாள். அம்மா ஊற்ற வரவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"கண்ணு முழிச்ச அசதி" என்றாள் அத்தை. அவள் சத்தமும் கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்பா போன் செய்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். "இருக்காப்பா" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஜனவரியில் இருந்ததைவிட மோசம். அப்போது கூப்பிட்டால் திரும்பவாவது செய்வாள். மாத்திரை வேண்டுமென்று கேட்க அத்தை வீட்டுக்குப் போக முடியாது, நான் படி இறங்கக் கூடாது. அத்தை வரும்போது கேட்க வேண்டும். அத்தை வந்தாள். கேட்க வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கெழம மூணாந் தண்ணி ஊத்திருவோம். இன்னும் என்ன, கண்ண மூடித் தொறந்தா ஞாயிறு" என்றாள். நான் கேட்டதற்குப் பதில் மாதிரியே இருந்தது. நான் கேட்கவே இல்லை.

மார்ச் 18, புதன்

இரண்டாம் தண்ணீர். முத்தெல்லாம் பக்குக் கட்டிக் காய்ந்துவிட்டது. கண்ணாடி பார்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று அம்மா சிரித்தாள்.

காலையில் தானே எழுந்தாள். வீட்டைப் பெருக்கினாள். அடுக்களையில் டப்பா எல்லாம் இறக்கித் துடைத்து அடுக்கினாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியாததா? தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் அப்பாவுக்கு அவளே போன் போட்டாள். "சாப்ட்டியளா? வேளாவேளைக்கிச் சாப்புடுங்க. முன்ன ஏதும் பேசியிருந்தா மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம், "அம்மாவுக்குத் தேறிட்டுலா" என்றார்.

அத்தைக்கும் சந்தோஷம். அம்மா தன் கல்யாணத்துக்கு எடுத்த கத்திரிப்பூ நிறப் பட்டுச்சேலையை அவளிடம் கொடுத்து, "நீ உடுத்து, ஒனக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்றாளாம். அத்தை வாசலில் நின்று தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா இலை வெட்டுகிற கத்தரியை என் சுளவில் வைத்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வைத்திருக்கும் கத்தரி. யாரையும் தொட விடமாட்டாள்.

"இனும இது ஒனக்கு."

"ஒனக்கு?"

"எனக்கு என்னத்துக்கு" என்றாள். சிரித்தது அப்போதுதான்.

எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கிறது. நான் மட்டும் அம்மாவின் முந்தானையை என் பாவாடை நாடாவோடு முடிந்துகொண்டு படுக்கப் போகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

பஸ் இன்னும் வரவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அவள் முந்தானையை என் இடது கையில் சுற்றி வைத்திருக்கிறேன். மற்ற கையால் எழுதுகிறேன். என் முகத்தைப் பார்த்து நிழற்குடையில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள்.

காலையில் விழித்தபோது முடிச்சு அவிழ்ந்திருந்தது. அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மை போட்ட வீட்டில் தலை சீவக் கூடாது. கயிறு கட்டினால் கையை நீட்டுகிறவள், மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறவள், அவசரமே இல்லாமல் சிக்கெடுத்து, சீவி, பின்னிக்கொண்டிருந்தாள். ஆத்தாளுக்கு இனிப் பயப்பட வேண்டியதில்லை என்கிற மாதிரி.

"கெணத்துக் கதவுச் சாவி எங்கட்டி?" என்று கேட்டாள். "பொறத்த பெருக்கணும்."

சாவி என் இடுப்பில் இருந்தது. நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். எழுந்து வாசிக்கச் சொன்னது போல, எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. யாருமே இல்லை. அம்மா மட்டும்தான்.

"எம்மா, ஒனக்குச் செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

இந்தத் தடவை அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள். சுற்றி முடித்தாள்.

"ரொம்ப நாளாட்டி" என்றாள். "ஒன்ட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

அவளை விடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்தேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"கேட்டது நல்லதும்மா. அவங்கள விட்டு ஒரு நிமிசம் நகராத. இப்பவே கூட்டிட்டு வா. இன்னைக்கு டாக்டரம்மா இல்லன்னாலும் அவசர வார்டு இருக்கு, நான் சொல்லி வைக்கேன்."

"எனக்கு அம்ம போட்டுருக்கு சிஸ்டர்."

"பக்கு காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டு."

"அப்பம் பயமில்ல. துண்டப் போட்டு மூடிட்டு வா."

குணமாகிவிடுமா என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் சிஸ்டர். எவ்வளவு நாள் ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சீக்கிரம் குணமாகிவிடும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, மூணாந் தண்ணி ஊத்தாம படி எறங்குவியளா? ஆத்தா சும்மா விடுவாளா? ரெண்டு நாளு பொறுத்தா என்ன?"

"பொறுக்க முடியாது அத்த. அம்மாவுக்கு சாவணும்னு இருக்காம். வழிய விடுங்க."

தெருவுக்கே கேட்டிருக்கும். என் சத்தம் எனக்கே அடுத்தவள் சத்தம் மாதிரி இருந்தது. அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பினாள். "மதினி, நேத்து சேலய தந்தது அதுக்கா?" என்றாள். அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வழி இருந்தது.

அம்மா படியில் வந்து நின்றுவிட்டாள். இழுத்துப் பார்த்தேன். கால் எழவில்லை.

"வேண்டாம்ட்டி. நீ நல்லாருக்கணும். சாமி குத்தம் ஒனக்கு வந்துரும்."

வாசலில் அவள் செருப்பு வெகுநாளாக ஓரமாகவே கிடக்கிறது. ஒன்று கவிழ்ந்திருந்தது. அவள் கையை விடாமல் குனிந்து, அதை நிமிர்த்தி, இரண்டையும் அவள் கால்களுக்கு முன்னால் வைத்தேன்.